நான்கு பொட்டு வைத்த பிஸ்டன்

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை. குண்டசாலையில் எங்கள் வீட்டு ஹோலின் நடுவே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தேன். பக்கத்தில் ஒரு பேசின் நிறைய மண்ணெண்ணெய். கையில் என் பழைய பனியனைக் கிழித்த துண்டு. எதிரே, சாமிப் படங்களுக்குக் கீழே, நான் கழற்றிப் போட்ட கார் எஞ்சினின் உருப்படிகள் வாழை இலையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

நான்கு பிஸ்டன், எட்டு வால்வு, எட்டுப் புஷ் ரொட், இன்னும் பெயர் தெரியாத பலதும். எல்லாவற்றுக்கும் சந்தனமோ குங்குமமோ வைத்திருந்தது. சிலவற்றுக்கு ஒரு பொட்டு. சிலவற்றுக்கு இரண்டு, மூன்று. ஒரு பிஸ்டனுக்கு நான்கு பொட்டு.

முதல் நாள் பூசை முடிந்ததும் என் மனைவி பவளம் இதைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டிருந்தாள். அதன் கீழே நான், "பக்தி முற்றினால் பிஸ்டனுக்கும் அம்மை போடும்" என்று எழுதினேன். பதினொரு பேர் சிரித்திருந்தார்கள். எனக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் கூடுதல் என்று அன்றைக்கு நம்பினேன்.

நான்கு பொட்டுப் பிஸ்டனை எடுத்து ஒரே இழுப்பில் துடைத்து, பேசினுக்குள் போட்டேன். அரை மணி நேரத்தில் எல்லா உருப்படியும் பேசினுக்குள் இருந்தது. முப்பத்து நான்கு வருட அரசாங்க உத்தியோகத்தில்கூட ஒரு வேலையை இவ்வளவு வேகமாகவும் சுத்தமாகவும் நான் முடித்ததில்லை.

அந்த அரை மணி நேரத்தைப் பற்றி இந்த வாராந்தத் தொடரில் எழுதச் சொல்லிப் பல வாரமாக வீட்டில் வற்புறுத்தல். இனியும் தள்ளிப்போட முடியாது என்பதால் இந்த வாரம் எழுதுகிறேன்.

என் கார், அவள் பெயரில்

கார் யாருடையது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அதை "என் கார்" என்றுதான் சொல்லி வந்தேன். பதிவுப் புத்தகத்தில் பவளத்தின் பெயர் இருக்கிறது. கம்பளையில் துணிக்கடை வைத்திருந்த என் மாமனார் சீதனமாகக் கொடுத்த கார். அவர் மகளுக்குக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் இரண்டு பேரையும்விட வயதில் மூத்தது. இங்கிலாந்திலிருந்து வந்த வெள்ளைக் கார். பின்கதவு ஒன்று உள்ளேயிருந்து மட்டும் திறக்கும், மற்றது வெளியேயிருந்து மட்டும் திறக்கும். ஆகவே பின்னால் ஏறுபவர் எந்தப் பக்கம் ஏறுகிறாரோ அதற்கு மறுபக்கம் இறங்க வேண்டும். இதை விருந்தாளிகளுக்கு விளக்கிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை.

புது வாகனங்கள் நாட்டுக்குள் வருவது நின்றுபோன வருடங்களில் அதற்குத் திடீரென்று மரியாதை கூடியது. அதுவரை "இன்னும் இத வச்சிருக்கீங்களா" என்று கேட்டவர்கள், "இத விக்கிற யோசனை ஏதும் இருக்கா" என்று கேட்டார்கள். காரிடம் ஒரே ஒரு குறைதான். ஏற்றத்தில் கொஞ்சம் நீலப் புகை விடும். இந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பவளம் நாற்பத்தைந்து தாண்டிய பிறகுதான் கார் ஓட்டப் பழகினாள். முதல் தடவையிலேயே லைசன்ஸ் எடுத்தாள். நான் மூன்றாவது தடவையில் எடுத்தேன். இந்த விவரம் தொடருக்குத் தேவையில்லை என்று நான் சொன்னேன், தேவை என்று அவள் சொன்னாள்.

பாயசம்

பவளம் கணித ஆசிரியை. அதிபர் பதவிக்கான பரீட்சை எழுதி, நேர்முகத்துக்குப் போய், பிறகு வருடக்கணக்காகக் காத்திருந்தாள். கடைசியில் கடிதம் வந்தது. கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு அதிபர். தீபாவளி கழிந்து வரும் முதல் திங்கட்கிழமை காலை ஏழரைக்குள் போய்க் கடமை ஏற்க வேண்டும்.

அந்த நேரத்துக்குக் குண்டசாலையிலிருந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் பஸ் கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கினாலும் தோட்டத்து ரோட்டில் ஒரு மணி நேரம் ஏற வேண்டும். மழை பெய்தால் ஆட்டோக்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். ஆக, கார் ஓடினால்தான் அவளால் வீட்டிலிருந்து போய்வர முடியும். ஓடாவிட்டால் பதவியை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். அவளுடைய வயதுக்கு அந்தக் கடிதம் இன்னொரு தடவை வராது.

கடிதம் வந்த அன்று பாயசம் வைத்தாள். இரண்டு கோப்பை குடித்தேன். குடித்துக்கொண்டே, "அவ்வளவு ஏத்தத்துக்கு இந்த எஞ்சின் தாங்காது. முழுசாப் பிரிச்சுப் பாக்கணும்" என்றேன்.

"கெலிஓயா நிஸ்தார் நானாகிட்ட விடுவோங்க. எப்பவும் அவருதானே பாக்குறாரு."

"அவரு எதுக்கு. நானே பாக்குறேன். பென்ஷன் எடுத்துட்டுச் சும்மாதானே இருக்கேன்."

அவள் பாயசச் சட்டியை மூடினாள். "ரேடியோவையும் நீங்கதான் பாத்தீங்க" என்றாள்.

ரேடியோ கதை பெரிதாக ஒன்றுமில்லை. கண்டியில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் நான் லிகிதராக இருந்தேன். ஒரு மேசைக்கு வந்த கடிதத்தை இன்னொரு மேசைக்கு அனுப்புவது என் வேலை. கையால் எதையாவது செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அங்கேதான் பிடித்தது. அந்த ஆசையில் ஒரு ரேடியோவைப் பிரித்துப் பூட்டினேன். மூன்று ஆணி மிச்சம் வந்தது. அதன் பிறகு அது ஒரே ஒரு நிலையத்தை மட்டும் எடுத்தது, அதுவும் வண்டு மொழியில். அடுத்து சுவர்க் கடிகாரம். அது இன்றும் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

தாடிக்காரர் சொன்னதும் நான் கேட்டதும்

எனக்கு எஞ்சின் சொல்லிக்கொடுத்தவர் போனில் வீடியோவில் வரும் ஒரு தாடிக்கார வெள்ளைக்காரர். அவருடைய கராஜ் ஆஸ்பத்திரியைவிடச் சுத்தம். அவர் ஸ்பெனரைக் காட்டினாலே பொல்ட் கழன்று வரும். எங்கள் வீட்டில் பொல்ட் அசையாது, ஸ்பெனர் வழுக்கும், என் விரல் தோல் உரியும். ஒரு நாள் பக்கத்துப் பல்லேகல மைதானத்தில் கிரிக்கெட் மேட்ச். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய பொல்ட் ஒன்று கழன்ற அதே நொடியில் அங்கே கூட்டம் ஆர்ப்பரித்தது. யாரோ ஒருவர் ஆட்டமிழந்திருப்பார். நான் அதை எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுப் பண்டார மஹத்தயா செயின் ப்ளொக் ஒன்றைக் கொண்டுவந்து பலாமரக் கிளையில் மாட்டி எஞ்சினைத் தூக்கித் தந்தார். தூக்கி முடித்ததும் என்னைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்குச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே அர்த்தம்தான்.

பின்னேரம் தவறாமல் மழை. அதனால் எஞ்சின் ஹோலுக்குள் வந்தது. வீட்டுக்காரி பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்து உள்ளே கொண்டுவந்தேன்.

எஞ்சினின் வயிற்றுக்குள் கிராங்க் என்று ஒரு பெரிய தண்டு சுழலும். ஒவ்வொரு பிஸ்டனுக்கும் ஒரு கை. அந்தக் கையின் அடியில் தண்டைக் கவ்விப் பிடிக்க ஒரு மூடி. இந்தக் கைக்கு இந்த மூடி என்று சோடி உண்டு, மாற்றிப் போட முடியாது. வால்வும் அப்படித்தான், இருந்த இடத்துக்கே போக வேண்டும். ஆகவே கழற்றும்போதே எண் போடுங்கள், படம் எடுங்கள் என்று தாடிக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார்.

எனக்கு எதற்கு அதெல்லாம்? கந்தோரில் எந்தக் கடிதக் கோவை எந்த அலுமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவன் நான். எல்லாவற்றையும் தாளை விரித்து முன்னிருந்து பின்னாக வரிசையாக வைத்தேன். நீங்கள் வாசிக்கும் இதே வார இதழின் பழைய பிரதிகள்தான். ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

எது ஒன்று, எது நாலு

ஆயுத பூசையன்று எங்கள் ஆட்கள் வீட்டில் உழைக்கிற எந்தச் சாமானையும் விட்டுவைப்பதில்லை. அரிவாள்மனை, தையல் மெஷின், மண்வெட்டி, பவளத்தின் கவராயம் எல்லாவற்றுக்கும் பொட்டு விழும். சாமிக்கு முன்னால் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது.

அன்று காலை ஹோல் வாசலில் விளக்குமாறோடு நின்றாள். "எண்ணெ முழுக்கத் தரையில ஓடுது. பூசைக்கு எடம் வேணும். இதெல்லாம் எடுத்துச் சாமிகிட்ட வைக்கவா?"

நான் போனில் தாடிக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எடு, எடு."

"இதுல ஒண்ணு எது, நாலு எது?"

"ரேடியேட்டர் பக்கம் ஒண்ணு. அதெல்லாம் ஒனக்கு வெளங்காது. பாத்து வை."

அவள் பார்த்துத்தான் வைத்தாள். மறுநாள் நான் பார்க்காமல் துடைத்தேன்.

துடைத்ததும் பூட்டத் தொடங்கினேன். கடைசி மூடியை இறுக்கிவிட்டுக் கிராங்கைச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. நீளமான கம்பி போட்டு இழுத்தேன், எஞ்சினே நகர்ந்ததே தவிர தண்டு அசையவில்லை. கழற்றி, மூடிகளை மாற்றிப் போட்டேன். அப்போதும் இல்லை. நான்கு கை, நான்கு மூடி, எத்தனை விதமாக மாற்றலாம் என்று வீட்டில் இருந்த கணக்கு டீச்சரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"எல்லாம் நீ கலச்சு வச்ச வேல."

"நான் ஒண்ணையும் கலைக்கலீங்க. பொட்டு வச்சித்தானே ஒவ்வொண்ணா எடுத்தேன்."

"பொட்டு வச்சா எஞ்சின் ஓடிருமா?"

அவள் முகம் மாறியது. "தொடச்சிட்டீங்களா?"

"பின்னே, குங்குமத்தோட மாட்டச் சொல்றியா?"

பேசினைப் பார்த்தாள். மண்ணெண்ணெய் இளஞ்சிவப்பாக இருந்தது. திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். வாயடைத்துவிட்டேன் என்று எனக்குத் திருப்தி. அடுத்த சில நாட்கள் பண்டார மஹத்தயாவிடமும், மரக்கறிக் கடையிலும், குடும்பக் குழுவிலும், பூசை போட்டு எஞ்சினைக் கெடுத்த மனைவியின் கதையைச் சொல்லித் திரிந்தேன்.

அறை

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். பவளம் நனைந்துபோய் வீட்டுக்கு வந்தாள். குடையை மூலையில் சாத்திவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"கலஹாவுல ஒரு ரூம் பாத்துட்டு வந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தங்க வீட்டுல. ஞாயித்துக்கெழம போனா வெள்ளிக்கெழம வந்துருவேன்."

"அப்ப நான்?"

"நீங்க சும்மாதானே இருக்கீங்க. எஞ்சினப் பாருங்க."

அவள் உடுப்பு மாற்றப் போய்விட்டாள். பதவியை விடுவாள் என்று நான் எண்ணியிருந்தேன். அவள் என்னை விட்டுவிட்டுப் போக ஏற்பாடு செய்திருந்தாள்.

இதற்கு மேல் கேலியாக எழுத வரவில்லை. எஞ்சினுக்கு வியாதி ஒன்றும் இல்லை, கொஞ்சம் புகைதான். வியாதி எனக்கு. லிகிதராகச் சேர்ந்து லிகிதராகவே வெளியே வந்தவன் நான். அவளுக்கு ஒரு தனி அறை, கைப்பிடி வைத்த கதிரை, காலையில் எழுந்து நின்று வணக்கம் சொல்ல ஒரு பள்ளிக்கூடம். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் போகக் கூடாது என்று திட்டம் போட்டுப் பிரித்தேன் என்று சொல்ல மாட்டேன், எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது. ஆனால் கிராங்க் அசையாமல் நின்றபோது எனக்குள் ஒரு மூலை கவலையே படவில்லை. அதை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் அவள் வீட்டில் இருக்க மாட்டாள் என்று கேட்ட பிறகுதான் பயம் வந்தது.

மறுநாள் கண்டிக்குப் போய், குட்ஷெட் பஸ் நிலையத்தில் கம்பளை பஸ் பிடித்து, கெலிஓயாவில் இறங்கினேன்.

சாட்சி

நிஸ்தார் நானா ஒல்லியான மனிதர். பேச்சு குறைவு, அதிலும் 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கி' ஆகிவிடும். அடுத்த நாளே வந்தார். ஹோலில் குந்தி, மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஐயா, இது பல பேர் கை வெச்ச எஞ்சின். அடிச்ச நம்பரெல்லாம் கொழம்பி ஈக்கி. ரெண்டு மூடில ரெண்டுன்னு ஈக்கி, நாலுன்னு ஒண்டுமே இல்ல. கழட்டக்குள்ள நீங்க என்ன அடையாளம் வெச்சீங்க?"

"நான் ஒழுங்காத்தான் அடுக்கி வச்சிருந்தேன் நானா. எல்லாம் பூசைக்குன்னு எடுத்துக் கலச்சிட்டாங்க. இந்தா, நீங்களே பாருங்க." போனை எடுத்து, குடும்பக் குழுவில் இருந்த படத்தைப் பெரிதாக்கி நீட்டினேன். குற்றத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சுண்டுவிரலைச் சாரத்தில் துடைத்துவிட்டுப் படத்தை இங்குமங்கும் நகர்த்தினார்.

"ஐயா, இந்தக் கைல ரெண்டு பொட்டு. பக்கத்துல ஈக்கிற மூடிலயும் ரெண்டு பொட்டு. இதுல மூணு, அதுலயும் மூணு." நிமிர்ந்து, கதவோரம் நின்ற பவளத்தைப் பார்த்தார். "டீச்சர், இது நீங்க வெச்சதா?"

"ரேடியேட்டர் பக்கம் ஒண்ணுன்னு இவருதான் சொன்னாரு. அங்கேருந்து எண்ணி எண்ணி வச்சேன். வால்வு சோடியில முன்னாடி உள்ளதுக்குக் குங்குமம், பின்னாடி உள்ளதுக்குச் சந்தனம்."

"எங்கட கராஜ்ல ஒருத்தனும் இப்பிடி வெக்க மாட்டான்." நிஸ்தார் நானா பேசினை எட்டிப் பார்த்தார். "யாரு இதெல்லாம் தொடச்ச?"

ஹோலில் மூன்று பேர் இருந்தோம். அதில் இரண்டு பேர் மூன்றாவது ஆளைப் பார்த்தார்கள்.

பிறகு வேலை நடந்தது. பவளம் படத்தை லெப்டொப்பில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, "மூணு பொட்டுக் கை. எடது பக்கம் அரம் போட்ட தடம் இருக்கு" என்று சொல்வாள். நிஸ்தார் நானா குவியலில் அந்தத் தடத்தைத் தேடி எடுப்பார். என்னிடம் நீட்டுவார். நான் குங்குமச் சிமிழோடு உட்கார்ந்து மூன்று பொட்டு வைப்பேன். அன்று முழுக்க எனக்குக் கொடுத்த உத்தியோகம் அதுதான். புஷ் ரொட்கள் படத்தில் தெளிவாக இல்லை, அவற்றுக்கு நானா தன் விரல் நுனியை நம்பினார். பூட்டும்போது அவரே ஒவ்வொன்றாகத் துடைத்து மாட்டினார். துடைக்கும் வேலையை என்னிடம் தரவில்லை.

மாலையில் கிராங்கில் கை வைத்துச் சுற்றினார். வழுக்கிக்கொண்டு சுற்றியது.

அன்றைக்கே குடும்பக் குழுவில் எழுதினேன்: "பிஸ்டனுக்குப் போட்டது அம்மை அல்ல, இலக்கம். பவளம் போட்டாள், நான் துடைத்தேன். இவ்வளவு நாளும் நான் சொன்னது பொய்." கீழே மச்சினிச்சியின் பதில் உடனே வந்தது. "படத்துல பொட்ட எண்ணினப்பவே எங்களுக்குத் தெரியும் அத்தான்." அந்தப் பதினொரு பேரும் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

திங்கட்கிழமை

நிஸ்தார் நானா பிஸ்டன்களுக்குப் புது ரிங் போட்டுக் காரில் பூட்டிய எஞ்சின் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. புகையே இல்லை. பவளம் கஞ்சி போட்ட சேலையில், நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, பொனட்டில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். கலஹா அறைக்காரருக்கு வரவில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"மொத நாள். நானும் கூட வரவா?" என்று கேட்டேன்.

"அதிபரு புருஷனக் கூட்டிக்கிட்டா போவாங்க? கேட்டத் தொறங்க."

கேட்டைத் திறந்துவிட்டு வந்து நின்றேன். "அந்த எஞ்சின நான் பிரிச்சிருக்கக் கூடாது" என்றேன். முப்பது வருடத்தில் என்னிடமிருந்து இதைவிட நீளமான மன்னிப்பு அவளுக்குக் கிடைத்ததில்லை.

"தெரியும்" என்றாள். குங்குமச் சிமிழ் கையிலேயே இருந்தது. விரலைத் தொட்டு என் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். பக்கத்திலேயே இன்னொன்றும் வைத்தாள்.

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு காருக்கு வச்சாச்சு. நீங்க ரெண்டு." ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். "தொடச்சிறாதீங்க. அப்புறம் எங்க மாட்டுறதுன்னு எனக்குத் தெரியாது."

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கார் போய்விட்டது.

அன்று எனக்குக் கண்டியில் வேலை இருந்தது. கார் இல்லாததால் பஸ்ஸில் போனேன். கண்டக்டர் என் நெற்றியைப் பார்த்தார். மார்க்கெட்டில் பழக்கடைக்காரர் பார்த்தார். பழைய கந்தோர் நண்பர் ஒருவர், "என்னாப்பா, ஒண்ணு கூடிப்போச்சா" என்று கைக்குட்டையே நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பின்னேரம் கார் கேட்டுக்குள் நுழைந்தபோது வாசலில் நின்றேன். சக்கரமெல்லாம் தோட்டத்துச் சிவப்பு மண். வியர்வையில் என் பொட்டு ஒன்று கொஞ்சம் கரைந்திருந்தது. பவளம் இறங்கிக் கிட்டே வந்து, பேசுவதற்கு முதல், பொட்டை எண்ணிப் பார்த்தாள்.